வாத்துப் படகில் ஏறிய மருந்துப் பெட்டி

வியாழக்கிழமை காலை ஆறேகால் மணி, மயிலாடுதுறை பேருந்து நிலையம். புதுச்சேரி பஸ், ஜன்னல் சீட், டிக்கெட் நூற்றுப் பத்து ரூபாய், மடியில் பை, காதில் பாட்டு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது கடற்கரை, பிரெஞ்சுத் தெரு, மஞ்சள் சுவரில் சாய்ந்து நின்று போட்டோ என்கிற ரகப் பயணம் இல்லை. மூன்று நாள் அங்கே இருந்தும் அந்த மஞ்சள் சுவரை நான் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. நான் போனது ஒரு பெட்டியைக் கெடாமல் கொண்டுபோய்ச் சேர்க்க.

எங்கள் ஊரில் ஒரு மொத்த மருந்து ஏஜென்சியில் வேலை செய்கிறேன். படித்தது எம்.பி.ஏ., அதிலும் சரக்குப் போக்குவரத்து ஸ்பெஷல். பார்ப்பது பில் போடும் வேலை. போன மழைக்காலத்தில் கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் ரோட்டில் தண்ணீர் ஏறி, எங்கள் வேன் ஒரு பகல் முழுக்க நின்றது. உள்ளே இருந்த இன்சுலின் அத்தனையும் சூடாகி வீண். அன்றைக்கு சிதம்பரம் பக்கத்து மருந்துக் கடைகளிலிருந்து வந்த போன்களை எல்லாம் எடுத்தவள் நான். "வண்டி எப்பம்மா வரும்? வீட்ல கடைசி ஊசி போட்டாச்சு" என்று கேட்டார் ஒருவர். ரோடு போனால் என்ன செய்வது என்று எங்கள் ஏஜென்சியில் யாரும் யோசித்தே வைக்கவில்லை.

இப்போது முதலாளி கடலூரில் புதிதாக ஒரு குடோன் திறக்கிறார். பொறுப்புக்கு ஆள் வேண்டும். நான் கையைத் தூக்கினேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பாண்டிச்சேரியில மூணு நாள் டிரெயினிங் இருக்கு. வெள்ளம், புயல், பாலம் உடைஞ்சுதுன்னா மருந்தை எப்படி நிக்காம கொண்டுபோறதுன்னு சொல்லித் தர்றாங்க. கடைசி நாள் ஒரு ஒத்திகை வெப்பாங்களாம். பாஸ் பண்ணிட்டு வா, சாவி உனக்கு. இல்லன்னா உன் பில்லிங் சேர் எங்கயும் ஓடிடாது."

அந்தச் சேரில் ஒரு கால் ஆடும். அதில் திரும்பி உட்காரக் கூடாது என்பது மட்டும்தான் என் ஒரே கொள்கை.

கடலூர் தாண்டியதும் வேடிக்கை ஆரம்பித்தது. பாலத்தைக் கடந்து கொஞ்ச தூரத்தில் புதுச்சேரி வந்துவிட்டது, மதுக்கடைப் பலகைகளே சாட்சி. பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

"எங்கம்மா எறங்கப் போற?"

"பாண்டி வந்துடுச்சுல்ல?"

"வந்துச்சு. இப்பப் போயிடும். அப்புறம் மறுபடி வரும். ஒக்காரு."

ரெட்டிச்சாவடியில் மீண்டும் தமிழ்நாட்டுப் பலகை. தவளக்குப்பத்தில் மீண்டும் புதுச்சேரி. யாரோ துணியை வெட்டிவிட்டு மிச்சத்தை ஆளுக்கொரு பக்கம் வீசியது மாதிரி இருக்கிறது இந்த எல்லை. அப்போது சிரித்தேன். மறுநாள் இதே எல்லை என்னை வைத்துச் சிரித்தது.

வியாழன், காலை பத்து மணி. லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரி அரங்கு. பயிற்சி நடத்துபவர் வேணுகோபால் சார். பல வருடம் சரக்குக் கப்பலில் இருந்தவர். கழுத்தில் விசில், சட்டைப் பையில் வண்ண உறைகள். ஒவ்வொரு உறைக்குள்ளும் ஒரு கஷ்டம் இருக்கும்: பாலம் மூடல், கரண்ட் இல்லை, டிரைவருக்குக் காய்ச்சல். அவருக்குத் தோன்றும்போது ஒன்றைக் கிழித்துப் படிப்பார். படிக்கும்போது முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

இரண்டிரண்டு பேராகக் குழு பிரித்தார்கள். எனக்கு வாய்த்தது மதலேன். இருபத்தாறு வயது, நகரத்திலேயே ஒரு மருந்துக் கடையில் பார்மசிஸ்ட். அவள் தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், 'சொல்தா வீடு' என்றால் அவர்கள் தெருவில் கைகாட்டுவார்களாம். டீ வாங்கிக் கொடுத்தால் 'மெர்சி' என்பாள், கோபம் வந்தால் சுத்தமான தமிழில் திட்டுவாள். இரண்டையும் அரை மணி நேரத்துக்குள் பார்த்துவிட்டேன்.

"நீ ரொம்பப் பேசற நிவேதா."

"கான்ஃபிடன்ஸ் மதல்."

"அதுக்கு எங்க ஊர்ல வேற பேர் இருக்கு. அப்புறம் சொல்றேன்."

வெள்ளிக்கிழமை மதியம் மேஜைப் பயிற்சி, வண்டி இல்லாமல் வழி மட்டும் போட்டுக் காட்டுவது. பாகூரிலிருந்து கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மருந்து போக வேண்டும். மெயின் ரோடு வெள்ளத்தில். வழி போடுங்கள் என்றார் சார். நான் போனில் வரைபடத்தைத் திறந்து, மேற்கே ஒரு சுற்று சுற்றி, ஸ்டைலாகக் கோடு போட்டு, அரங்கத்துக்கு முன்னால் நின்று விளக்கினேன். கைத்தட்டலுக்கு இடம் விட்டு நிறுத்தவும் செய்தேன். சார் சட்டைப் பையிலிருந்து மஞ்சள் உறையை எடுத்துக் கிழித்தார்.

"தமிழ்நாடு எல்லை மூடல். வண்டிகள் நிறுத்தப்படும்."

அரங்கில் இருந்த உள்ளூர்க்காரர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். எனக்கு மட்டும் புரியவில்லை. மதலேன் என் போனை வாங்கி, கோட்டின் மேல் விரலை வைத்து நகர்த்தினாள்.

"இங்க பாண்டி. இங்க தமிழ்நாடு. இங்க பாண்டி. இது தமிழ்நாடு. கோரிமேடு பாண்டி. நீ நாலு தடவை ஸ்டேட்டு மாறிட்டடி. உன் மருந்து இன்னும் மொத செக்போஸ்ட்லயே நிக்குது."

பூஜ்யம். பெங்களூரிலிருந்து வந்த குழு ஒன்று இருந்தது, கையில் டேப்லெட், சட்டையில் கம்பெனிப் பெயர். அவர்களும் பூஜ்யம்தான், ஆனால் அவர்கள் இங்கிலீஷில் வாங்கினார்கள். பஸ்ஸில் கண்டக்டர் எனக்கு முன்கூட்டியே விடைத்தாளைக் காட்டியும் கோட்டைவிட்டவள் நான் ஒருத்திதான்.

பிறகு சார் மறுநாள் ஒத்திகையின் விதிகளைச் சொன்னார். காலை ஒன்பது மணிக்குத் தவளக்குப்பம் குடோனில் ஒரு குளிர்ப் பெட்டி கொடுப்பார்கள். உள்ளே மருந்துக்குப் பதிலாகத் தண்ணீர் நிரப்பிய குப்பிகள், கூடவே டேட்டா லாகர் என்கிற தீப்பெட்டி அளவு கருவி. பெட்டிக்குள் இரண்டு டிகிரிக்குக் கீழே போனாலும் எட்டுக்கு மேலே போனாலும் அதில் சிவப்பு விளக்கு மினுக்கும், இல்லையென்றால் பச்சை. மதியம் ஒரு மணிக்குள் கோரிமேட்டில் பெட்டி இருக்க வேண்டும், விளக்கு பச்சையாக இருக்க வேண்டும். வழியில் எது மூடல் என்பது காலையில்தான் தெரியும். இரண்டு திட்டம் எழுதி மாலைக்குள் அனுப்ப வேண்டும். அதில் பெயர் உள்ளவர்கள், நாங்களே பயிற்சி கொடுத்தவர்கள், அவர்கள் மட்டும்தான் பெட்டியைத் தொடலாம்.

"ரோடு எல்லாம் போச்சுன்னே வெச்சுக்க," என்றேன் மதலேனிடம். "மிச்சம் இருக்கறது என்ன?"

"வானம்."

"கடல்டி."

வெள்ளி மாலை ஐந்து மணி, வைத்திக்குப்பம். நகரத்துக்குள்ளேயே, நாலு தெரு தள்ளி நடந்தால் மீனவர் குப்பம். மணலில் வரிசையாகப் படகுகள், வலை தைக்கிற கைகள், ஒரு பக்கம் மிச்ச மீனை வைத்துக்கொண்டு பெண்கள் பேரம். என் லாட்ஜ் முத்தியால்பேட்டையில், வாடகை ஒரு நாளுக்கு அறுநூறு. அங்கிருந்து நடக்கிற தூரம்தான். மதலேன் கடைக்கு மருந்து வாங்க வருகிற பாஸ்கர் அண்ணன் அங்கே இருந்தார். நாற்பது வயது, ஒரு ஃபைபர் படகும் மீன் ஏற்றுகிற லோடு ஆட்டோவும் வைத்திருக்கிறார்.

என் திட்டத்தைச் சொன்னேன். காலையில் அவர் படகோடு நோணாங்குப்பம் முகத்துவாரத்துக்கு வர வேண்டும். பெட்டியை ஏற்றிக்கொண்டு கடல் வழியாக நேராக வைத்திக்குப்பம், அங்கிருந்து அவருடைய லோடு ஆட்டோவில் கோரிமேடு. பாலமும் வேண்டாம் எல்லையும் வேண்டாம்.

"சினிமா கணக்கா இருக்குது பாப்பா," என்றார். "வர்றேன். டீசல் மட்டும் போட்டுடு."

அடுத்தது பயிற்சி. மணலில் ஒரு தெர்மாகோல் பெட்டியை வைத்து ஆரம்பித்தேன். வெயிலில் வைக்கக் கூடாது, மூடியைத் திறக்கக் கூடாது.

"எனக்கே ஐஸ் கிளாஸா?" என்று அவர் பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தார். அங்கே ஒரே சிரிப்பு. "பொறந்ததுலேர்ந்து ஐஸ்லதான் பொழப்பு. பொட்டி சூடாவுற மாதிரி இருந்துச்சுன்னா ரெண்டு அள்ளு அள்ளிப் போட்டுட்டுப் போயிட்டே இருப்பேன்."

"அதேதான் அண்ணா கூடாது!"

"ஏன் கூடாது?"

"மீனுக்கு எவ்ளோ ஐஸ் போட்டாலும் நல்லது. இன்சுலின் அப்படி இல்ல. உறைஞ்சா செத்துச்சு. பார்த்தா நல்லாதான் இருக்கும், ஊசி போட்டா வேலை செய்யாது. சூடாகறதைவிட இது மோசம்."

"ஜாஸ்தி ஐஸ் போட்டா கெட்டுடுமா? ஒலகத்துல இப்படி ஒரு சரக்கா?"

நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. மதலேன் முன்னால் வந்தாள். "அண்ணா, உங்க சம்சாரத்துக்கு எங்க கடையிலேர்ந்துதான் வாங்கிட்டுப் போறீங்க. அதை வீட்ல எங்க வெக்கிறீங்க?"

"பிரிட்ஜ்லதான்."

"மேல ஃப்ரீசர்லயா?"

"கதவாண்ட. நீதான சொன்ன, மேல வெக்காதீங்கன்னு."

"அதே சரக்குதான் அண்ணா இது."

பாஸ்கர் அண்ணன் சிரிப்பை நிறுத்திவிட்டுப் பெட்டியை ஒரு தடவை பார்த்தார். "திருப்பி மொதல்லேர்ந்து சொல்லு பாப்பா," என்றார். சொன்னேன். அவரையும் சொல்ல வைத்தேன். ஐஸை அள்ளிப் போடப் போகிற கையை அவரே மற்றொரு கையால் பிடித்துக்கொண்டு நடித்துக் காட்டினார்.

திட்டம் ஒன்று: கடல். திட்டம் இரண்டு என்று ஒரு கட்டம் காலியாக இருந்தது. "போட் ஹவுஸ் படகு" என்று மூன்று வார்த்தை தட்டி அனுப்பிவிட்டேன், நோணாங்குப்பம் ஆற்றில் சுற்றுலாப் படகு விடுகிற இடம் அது. அங்கே போய்க் கேட்கக்கூட இல்லை.

"இது பி பிளானா, பிட் நோட்டீஸா?" என்றாள் மதலேன்.

"ஏ பிளானே போதும்டி."

சனிக்கிழமை காலை எட்டரை. தவளக்குப்பம் குடோன் வாசல். போன் அடித்தது.

"பாப்பா, பாஸ்கர் பேசறேன். படகு வராது."

"என்ன அண்ணா, இன்ஜினா?"

"குப்பத்துல சாவு. எங்க பெரியப்பா முறை. விடியக்காலையில போயிட்டாரு. எடுக்கற வரைக்கும் ஊர்ல யாரும் கடல்ல எறங்க மாட்டோம். ஒரு படகு எறங்காது."

என் வாயில் 'ஆனா' வந்துவிட்டது. மதலேன் என் கையைக் கிள்ளி போனை வாங்கினாள். "அண்ணா, ஒண்ணும் இல்ல. நீங்க இருங்க. நாங்க பார்த்துக்கறோம்."

சாரின் உறை எதிலும் இந்தத் தடை இல்லை. வரைபடத்திலும் இல்லை. ஆனால் எல்லைக் கோட்டைவிட இதுதான் உறுதியானது, ஒரு குப்பமே மதித்து நிற்கிற கோடு. அதோடு பேரம் பேச முடியாது, பேசவும் கூடாது.

ஒன்பது மணிக்கு விசில். சார் சிவப்பு உறையைக் கிழித்தார். "நோணாங்குப்பம் ஆற்றுப் பாலம் மூடல். பெட்டி பாலத்தில் போகக் கூடாது. மேற்கே சுற்றலாம், எல்லையைத் தாண்டும் ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரம் நிறுத்துவோம்."

குழுக்கள் பெட்டியை வாங்கி, ஃப்ரீசரிலிருந்து ஐஸ் பேக்குகளை எடுத்து அடுக்கி, பறந்தன. பெங்களூர்க் குழுவின் கார் புழுதி கிளப்பிக்கொண்டு மேற்கே போனது. மதலேன் மட்டும் ஐஸ் பேக்குகளை மேஜையில் பரப்பிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"மதல், எல்லாரும் போயிட்டாங்க!"

"போகட்டும். ஃப்ரீசர்லேர்ந்து எடுத்த சூட்டோட வெச்சா குப்பி உறைஞ்சிடும். ஐஸ் பேக் வேர்க்கணும். ஆட்டினா உள்ள தண்ணி சத்தம் கேக்கணும். நேத்து பீச்சுல பாஸ்கர் அண்ணனுக்கு பெரிய கிளாஸ் எடுத்தியே, அது உனக்கு இல்லையா?"

அவள் ஒவ்வொன்றாக எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்த்தாள், ஏதோ தேங்காய் வாங்குகிற மாதிரி. நான் குடோன் வாசலில் நடந்தேன். கடல் இல்லை. பாலம் இல்லை. மேற்கே எல்லை. எங்களிடம் இருந்தது வாடகை ஆட்டோ ஒன்று, அதுவும் இந்தக் கரையில். அது எப்படி அந்தக் கரைக்குப் போகும் என்று யோசித்து யோசித்து மண்டை காய்ந்தது.

அப்புறம்தான் உறைத்தது. வண்டி எதற்குப் போக வேண்டும்? போக வேண்டியது பெட்டி. இரண்டு கரையிலும் ஒரு வண்டி இருந்தால் போதும், நடுவில் தண்ணீர் மட்டும்தான். போன மழையில் எங்கள் வேனும் அப்படித்தான் நின்றது. தண்ணீருக்கு அந்தப் பக்கம் எத்தனை வண்டி சும்மா நின்றிருக்கும், நாங்கள் எங்கள் வேனையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்!

பாஸ்கர் அண்ணனைக் கூப்பிட்டேன், கொஞ்சம் கூச்சத்தோடு. "அண்ணா, இந்த நேரத்துல கேக்கக் கூடாது. லோடு ஆட்டோ..."

"கடல்லதான் எறங்கக் கூடாது. ரோட்டுக்கு என்ன? எடுப்பு சாயங்காலம்தான், அவரு பொண்ணு திருச்சியிலேர்ந்து வரணும். எங்க நிக்கணும், அதைச் சொல்லு."

"நோணாங்குப்பம், போட் ஹவுஸுக்கு எதிர்க்கரை. தண்ணி ஓரமா."

பெயர் ஏற்கெனவே தாளில் இருந்தது. பயிற்சியும் கொடுத்தாகிவிட்டது. விதிப்படி அவர் பெட்டியைத் தொடலாம்.

காலை பத்து மணி, போட் ஹவுஸ். பாலத்துக்கு இந்தப் பக்கமே எங்கள் ஆட்டோ நின்றுவிட்டது, படகுக்கு நிற்கிற வரிசை ஆட்டோவிலிருந்தே தெரிந்தது. சனிக்கிழமை. இரண்டு பள்ளிக்கூடச் சுற்றுலா, ஒரு கல்யாணக் கோஷ்டி, மூன்று மாநிலத்துச் சனம். பாரடைஸ் பீச்சுக்குப் போகிற மோட்டார் படகுகளுக்கு வரிசை வாசல் வரை. என் பி பிளான் என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டியது.

டிக்கெட் ஜன்னலில் இருந்தவருக்கு முழுக் கதையையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் நிதானமாகக் கேட்டார்.

"மோட்டார் போட்டுக்கு மத்தியானம் ஆவும். பெடல் போட் இருக்கு. எத்தினி பேரு?"

"ரெண்டு பேர், ஒரு பெட்டி."

"பொட்டிக்கு டிக்கெட் இல்ல. எந்தக் கரையிலயும் எறங்கக் கூடாது, சுத்திட்டு இங்கயே வந்துடணும். ரூல்."

"எதிர்க்கரையில ஒருத்தர் நிப்பார். பெட்டியை மட்டும் கொடுத்துட்டு வந்துடறோம்."

அவர் பெட்டியைப் பார்த்தார், மதலேனைப் பார்த்தார், வெளியே வரிசையைப் பார்த்தார். "எறங்கக் கூடாதுன்னுதான் ரூல். கையை நீட்டக் கூடாதுன்னு ஒண்ணும் இல்ல. ஜாக்கெட் போட்டுக்குங்க."

மிச்சம் இருந்தது ஒரே ஒரு படகு. வெள்ளை வாத்து. நீளக் கழுத்து, ஆரஞ்சு மூக்கு, ஒரு கண்ணில் பெயிண்ட் போயிருந்தது. என் கெத்து எல்லாம் படித்துறையிலேயே இறங்கிக்கொண்டது. நடுவில் பெட்டி, மேலே வெயிலுக்கு மதலேனின் துப்பட்டா, இரண்டு பக்கமும் நாங்கள், ஆரஞ்சு ஜாக்கெட்டில், மிதி மிதி என்று மிதித்தோம். கரையிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் கத்தினார்கள், "அக்கா, ஐஸ்கிரீமா?"

"ஆமாடா, கோன் ஐஸ்!" என்று கத்தினாள் மதலேன். "மிதிடி நிவேதா! அலே, அலே! சீக்கிரம்!"

சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்த வாத்துக்குத் திரும்பத் தெரியவில்லை. ஆற்று நீரோட்டம் ஒரு பக்கம் தள்ள, மூக்கு பாலத்தைப் பார்த்துப் போனது. தொடை எரிந்தது. பாலத்தின் மேலே நிஜ பஸ்கள் ஜாலியாகப் போய்க்கொண்டிருந்தன, எங்களுக்கு மட்டும்தான் அது மூடல். மதலேன் சுக்கானை ஒடித்துத் திருப்ப, நான் இரண்டு பேருக்கும் சேர்த்து மிதிக்க, ஒருவழியாக மூக்கு எதிர்க்கரைக்குத் திரும்பியது.

பாஸ்கர் அண்ணன் லுங்கியை மடித்துக் கட்டி, முழங்கால் தண்ணீரில் நின்றார். பின்னால் லோடு ஆட்டோ. அதன் தளத்தைக் கழுவிப் புதுத் தார்ப்பாய் விரித்திருந்தார். சாவு வீட்டிலிருந்து வந்த மனுஷன் எங்கள் வாத்தைப் பார்த்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார்.

"இன்னா பாப்பா, நம்ம படகு வரலன்னு இதுலயா வந்த?"

பெட்டியைத் தூக்கினேன். எட்டு கிலோ. வாத்து ஆடியது. அவர் கை நீட்டினார். ஒரு நொடி எனக்குக் கொடுக்க மனசு வரவில்லை. என் கடலூர் சாவி அந்தப் பெட்டிக்குள் இருந்தது. அதை ஒரு மீன் வண்டியில் ஏற்றிவிட்டு, நான் இந்தப் பக்கமே நிற்க வேண்டும். நகரத்துக்குள் நுழைகிற மரப்பாலம் சிக்னலில் வண்டி நின்று, வெயில் அடித்து, பெட்டி சூடாகிறதோ என்று அவருக்குத் தோன்றினால்? வண்டியின் மூலையில் அவர் மீன் பெட்டி, அதில் நேற்றைய ஐஸ் மிச்சம் இருப்பது இங்கிருந்தே தெரிந்தது.

"அண்ணா, ஐஸ்..."

"போட மாட்டேன். கொடு."

கொடுத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு மிதித்தேன்.

திரும்பி வந்து படகை ஒப்படைத்தபோது மணி பதினொன்று தாண்டியிருந்தது. பெட்டி கையில் இல்லை என்றால் நாங்களும் பொதுஜனம்தான். ரோட்டுக்கு வந்து டவுன் பஸ் பிடித்து, 'மூடிய' பாலத்தின் மேலேயே ஆளுக்குப் பத்து ரூபாய் டிக்கெட்டில் போனோம். கீழே ஒற்றைக் கண் வாத்து வேறு இரண்டு பேரோடு போய்க்கொண்டிருந்தது. அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம். மரப்பாலத்தில் அசையாத நெரிசல். பதினைந்து நிமிடம் ஒரே இடம். இந்த நெரிசலில்தான் அவரும் நின்றிருப்பார் என்று நினைத்தபோது என் மனக்கணக்கில் எட்டு டிகிரி, பத்து டிகிரி, பன்னிரண்டு.

"போன் பண்ணிக் கேக்கட்டுமா?"

"வண்டி ஓட்டறவருக்குப் போன் பண்ணாத. நீதான் சொல்லிக்கொடுத்த, நீதான் நம்பணும்," என்றாள் மதலேன். "கான்ஃபிடன்ஸுக்கு எங்க ஊர்ப் பேரு இப்ப சொல்லட்டுமா?"

"வேணாம்."

பேருந்து நிலையத்தில் மாறி, கோரிமேடு போய் இறங்கியபோது பன்னிரண்டே முக்கால். பெரிய ஆஸ்பத்திரி வாசல். தமிழ்நாட்டிலிருந்து வருகிற பஸ் ஒவ்வொன்றிலிருந்தும் நோயாளிகள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். கையில் எக்ஸ்ரே உறை, தோளில் சாப்பாட்டுப் பை, ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து. விழுப்புரம், திண்டிவனம், கடலூர். இவர்களுக்குப் புதுச்சேரி எங்கே முடிகிறது, தமிழ்நாடு எங்கே தொடங்குகிறது என்பதெல்லாம் கவலையே இல்லை. மருந்து இருக்கிறதா என்பதுதான் கவலை. தெரு ஓரத்தில் ஒத்திகைக்குப் போட்ட சாமியானா. ஓடினோம்.

எங்கள் பெட்டி மேஜையில் இருந்தது. பாஸ்கர் அண்ணன் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் டீ குடித்துக்கொண்டிருந்தார். பெட்டியின் மேல் ஒரு கை.

"குழுத் தலைவர் வராம திறக்க விட மாட்டேங்கறார்," என்றார் வேணுகோபால் சார். குரலில் கோபமா பாராட்டா தெரியவில்லை. "நானே கேட்டேன், அப்பவும் கையை எடுக்கல."

"மூடியைத் தொறக்கக் கூடாதுன்னு சொல்லிக் கொடுத்தது அவங்கதான். அவங்க வந்து தொறக்கட்டும்," என்றார் பாஸ்கர் அண்ணன்.

பக்கத்து மேஜையில் இரண்டு பெட்டிகள் முதலிலேயே வந்து திறந்து கிடந்தன. இரண்டிலும் சிவப்பு. ஃப்ரீசரிலிருந்து நேராக அடுக்கிய ஐஸ், குப்பிகள் கல்லாக உறைந்திருந்தன. பெங்களூர்க் குழு இன்னும் எல்லையில்.

மூடியைத் திறந்தேன். மதலேன் லாகரை எடுத்துச் சாரிடம் நீட்டினாள். சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். ஒரு விளக்கு மினுக்கியது.

பச்சை.

விசிலை அவர் ஊதுவதற்குள் நான் போட்ட கத்தலில் ஆஸ்பத்திரி வாட்ச்மேன் ஓடி வந்து அதட்டினார். மதலேன் என்னைக் கட்டிப் பிடித்துத் தூக்கியே விட்டாள். சார் லாகரை லேப்டாப்பில் சொருகி, திரையில் வெப்ப வரைகோட்டைப் பார்த்தார். வழி நெடுக நாலுக்கும் ஆறுக்கும் நடுவில் சீராகப் போயிருந்தது. ஓர் இடத்தில் மட்டும் ஏழு டிகிரியைத் தொட்டு இறங்கியிருந்தது.

"இது எங்க?"

"மரப்பாலம் சிக்னல் சார்," என்றார் பாஸ்கர் அண்ணன். "செம வெயிலு. பொட்டி மேல கை வெச்சா சுட்டுச்சு. பக்கத்துலயே ஐஸ் கெடக்குது. கை பரபரன்னு வந்துச்சு பாப்பா, சத்தியமா. எங்க ஊட்டு பிரிட்ஜ் கதவை நெனச்சுக்கிட்டேன். தார்ப்பாயை எடுத்து மேல கட்டி நெழல் பண்ணேன். போடல."

அவர் தோளைத் தட்ட நினைத்து, தட்டாமல், கும்பிட்டேன். அவர் டீ டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். "சரி, நான் கெளம்பறேன். அங்க தேடுவாங்க." லோடு ஆட்டோ மீன் வாசனையோடு நெரிசலில் கரைந்தது.

மாலை மூன்று மணி. சான்றிதழில் குழுத் தலைவர் என்ற இடத்தில் என் பெயர். பயிற்சி பெற்றவர்கள் என்ற இடத்தில் மூன்று பெயர் எழுதச் சொல்லிக் கேட்டேன். சார் அப்படியே எழுதினார். பேருந்து நிலையம் வரை மதலேன் வந்தாள். ஜன்னல் வழியாக ஒரு பொட்டலம் கொடுத்தாள், சூடான வாழைக்காய் பஜ்ஜி.

"மெர்சி," என்றேன்.

"பரவால்ல, கத்துக்கிட்ட. மழைக்கு முன்னாடி வா. பாஸ்கர் அண்ணன் நிஜமாவே கடல்ல கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்காரு. ஆனா பி பிளான் எழுதிக்கிட்டு வா."

பஸ் நோணாங்குப்பம் பாலத்தில் ஏறியபோது முதலாளிக்குப் போன் போட்டேன். "சார், சாவியை எடுத்து வைங்க. அந்த ஆடற சேரையும் யாருக்காவது கொடுத்துடுங்க."

"அதுக்குள்ள சத்தத்தைப் பாரு," என்றார். ஆனால் சிரித்தார். "திங்கக்கிழமை கடலூர்."

கடலூரில் பஸ் நின்றபோது, வாடகைக்குப் பிடித்திருக்கிற குடோன் எந்தத் தெரு என்று எட்டிப் பார்த்தேன், தெரியவில்லை. சிதம்பரம் தாண்டியது. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. கொள்ளிடம் பாலம் வந்தது. இந்தப் பாலத்தைப் பள்ளிக்கூட நாளிலிருந்து எத்தனையோ தடவை கடந்திருக்கிறேன். எப்போதும் பார்ப்பது தண்ணீர் எவ்வளவு ஓடுகிறது என்று. இன்றைக்குத்தான் கரை ஓரத்தில் படகுகள் கண்ணில் பட்டன. சின்னப் படகுகள், நாலைந்து. ஒருவர் வலையை உதறிக்கொண்டிருந்தார். இத்தனை வருஷமும் இவர்கள் இங்கேயேதான் இருந்திருக்கிறார்கள். போன மழையிலும்.

எழுந்து கண்டக்டரிடம் போனேன். "அண்ணா, பாலம் தாண்டினதும் எறக்கி விடுங்க."

அவர் டிக்கெட்டை வாங்கிப் பார்த்தார். "மயிலாடுதுறைக்கு எடுத்திருக்க. ஊர் இன்னும் வரலயேம்மா."

"தெரியும்ணா. இங்க ஒருத்தரைப் பார்க்கணும்."

"யாரை?"

"பேர் தெரியாது. இனிமேதான் கேக்கணும்."

விசில் அடித்தார். இறங்கி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஆற்றங்கரைச் சரிவில் படகுகளைப் பார்த்து நடந்தேன்.